கரையில் சொல்லிவிட்டு வண்டி பழகிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இது ஐந்தாவது ஆண்டு நினைவு நாள். முதலாம் ஆண்டிலேயே ஒரு நினைவு மலர் போட வேண்டும், அதில் மாமா நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் என்னிடம் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். பேனாவை எடுப்பேன், வைப்பேன். கடைசியில் எனக்காக ஒதுக்கிய பக்கத்தில் ஒரு அம்மன் பாட்டைப் போட்டு நிரப்பினார்கள். அடுத்த வருஷமும் அதே பாட்டுதான். அச்சகத்துக்காரரே, இந்த முறையாவது வேறு பாட்டு கொடுங்கள் என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மீன் பிடிக்கும் தொழிலுக்குப் போகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டோம். போகிறவரும் இன்று இவ்வளவு பிடித்து வருவேன் என்று வாயால் சொல்ல மாட்டார். யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். நினைத்ததை வெளியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

எங்கள் அக்கா இதற்கு நேர் எதிராக வாழ்ந்தவர். மனதில் ஒன்றை நினைத்தால் முதலில் ஏரிக்கரைக்குப் போய் நாலு பேர் காதில் போடுவார். அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தில் கை வைப்பார். அவர் ஐம்பது வயதுகூட நிறையாமல் போய்ச் சேர்ந்ததற்கு அந்த வாயும், அதனால் வந்த கண்ணேறும்தான் காரணம் என்று எங்கள் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பற்றி எழுதினால் அந்த வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது அவர் மனம் நோக எப்படி எழுதுவது? கங்கையம்மன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றி நின்று பார்த்தேன். எனக்கு வழி தெரியவில்லை. இந்த வருஷம் அம்மாவே எழுது என்று சொன்னார். ஏன் சொன்னார் என்பது பின்னால் வரும்.

நான் எட்டாவது வரை படித்தவன். காட்டுப்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா அவர்கள் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்கு அடுத்த எங்கள் குப்பத்தில், நைனாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனார். எனக்குப் பெயர் எழுதச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நைனா ஏரித் தொழில் செய்தவர். வீட்டில் இல்லாமை உண்டு. ஆனால் சத்தத்துக்குக் குறை கிடையாது. அந்தச் சத்தத்தில் பாதிக்கு மேல் அக்காவுடையது.

அவர் தாவணி போட்ட வயதில் ஒரு நாள், கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஆண்களுக்கு நடுவே போய் நின்று, ஏரி நடுவில் இருக்கும் தீவுக்கு நான் ஒருத்தியே கழி ஊன்றிப் படகைக் கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டார். கரையே சிரித்தது. நைனாவுக்கு அவமானமாகிவிட்டது.

"வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா? முடியலன்னா நாளைக்கு மூஞ்ச எங்க வச்சிக்குவே?"

"முடியலன்னா முடியலனு அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன் நைனா."

முதல் தடவை பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டார். வேறு ஒருவர் படகில் கட்டி இழுத்து வந்தார்கள். வந்து இறங்கியதும் சிரித்தவர்களிடம் தானே போய், முடியவில்லை, மறுபடி போவேன் என்று சொன்னார். அடுத்த மழைக்காலம் முடிந்ததும், சொன்னபடி தீவுக்குப் போய் வந்தார்.  அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் நைனா மீனின் நடுத்துண்டை எடுத்து அக்கா தட்டில் போட்டார்.

கோட்டைக்குப்பத்தில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமா அதிகம் பேசாதவர். நல்ல மனிதர். இருவரும் சேர்ந்தே தொழிலுக்குப் போவார்கள். மாமா முன்னால் நின்று வலை வீசுவார். அக்கா பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொள்வார். "என் படகுக்கு ரெண்டு எஞ்சினு. ஒண்ணு சத்தம் போடும், ஒண்ணு பேசிகினே இருக்கும்" என்பார் மாமா. ஒரே மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் மாமாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எவ்வளவோ பார்த்தோம். அம்மன் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி ஏரியில் வலை போடும் முறை, அதாவது உரிமை, ஆண்களுக்குத்தான். மாமாவின் முறையும் படகும் அவர் தம்பிக்குப் போயின. அது வழக்கம். அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா மற்ற பெண்களோடு கையால் இறால் பிடிக்கப் போனார். பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். முழங்கால் அளவு தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்க வேண்டும். போட்டுக்கொள்ளும் ஓலைக் கூடைக்குப் பறி என்று பெயர். கை இரண்டும் தண்ணீரில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அக்கா பேசாமல் இருந்தது பறியைக் கடித்திருந்த நேரத்தில் மட்டும்தான் என்று பெண்கள் சொல்வார்கள்.

பிடித்தால் மட்டும் போதாது, விற்க வேண்டும். ஏரிக்கரை வியாபாரி சொல்வது ஒரு விலை, பொன்னேரி, மீஞ்சூர் மார்க்கெட்டில் கிடைப்பது வேறு விலை. ஆனால் கூடையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால் பல நேரம் பஸ் நிற்காது. நின்றாலும் ஏறவிட மாட்டார்கள். ஒரு நாள் எங்கள் சின்னம்மாவும் அக்காவும் ஏறிவிட்டார்கள். சின்னம்மாவின் நண்டுக் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் புடவையில் பட்டுவிட்டது. நாலு பேர் சத்தம் போட்டார்கள். கண்டக்டர் வழியிலேயே விசில் ஊதி இறக்கிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, வண்டி முழுக்க ஆள். அக்காவின் கூடை சொட்டவில்லை. இருந்தாலும் அக்காவும் சேர்ந்து இறங்கினார்.

சுற்றிலும் நிழல் கிடையாது. அடுத்த பஸ்ஸும் நிற்கவில்லை. வெயிலில் இறால் நிறம் மாற ஆரம்பித்தது. வழியில் வந்த ஒரு வியாபாரி சொன்ன விலைக்கே கொட்டிவிட்டு நடந்தார்கள். சின்னம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்தாராம். அக்கா நடந்துகொண்டே, "நம்மகிட்டயே ஒரு வண்டி இருந்தா யாரு இறக்கிவுடுவா?" என்று கேட்டாராம். சின்னம்மா அழுகையை நிறுத்தி, வெயில் தலைக்கு ஏறிடுச்சு உனக்கு என்றாராம்.

மறுநாள் காலை, கரையில் எல்லோரும் மீன் பிரித்துக்கொண்டிருந்த நேரம். நானும் அங்கே இருந்தேன். அக்கா எழுந்து நின்று சொன்னார்.

"வர ஆடிக் கூழுக்குள்ள நான் ஆட்டோ லைசென்ஸ் எடுத்துடுவேன். உங்க கூடையெல்லாம் நானே ஏத்திகினு பொன்னேரிக்குப் போவேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

அப்போது அக்காவுக்கு நாற்பதை நெருங்கிய வயது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஒரு பெரியவர், முதல்ல ரோட்டை நேரா நடந்து தாண்டக் கத்துக்கோ என்றார். அக்காவின் ஓரகத்தி, அதாவது மாமாவின் தம்பி மனைவி, கிண்டலில் ஊரிலேயே முதல் ஆள். நண்டைக் கட்டிக்கொண்டே தலை தூக்காமல் சொன்னார்.

"ஹாரன் இல்லாத வண்டியா பாத்து வாங்குக்கா. நீ பேசினாலே ரோடு காலியாயிடும்."

அன்று முதல் அக்காவுக்கு டிரைவர் என்றே பெயர். தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், கோயிலில், எங்கே பார்த்தாலும் "இன்னா டிரைவர், வண்டி எங்க?" என்று கேட்டார்கள். எனக்கே பொறுக்கவில்லை. ஏன் அக்கா, மனசுக்குள்ள வச்சு முடிச்சுட்டு அப்புறம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"மனசுக்குள்ள வச்சிகினா, ஒரு நாளு உடம்பு வலிக்கும், அன்னிக்கு மனசே வேணாம்னு சொல்லிடும். யாருக்கும் தெரியாது. ஊர்ல சொல்லிட்டேன்னு வச்சிக்கோ, நான் மறந்தாலும் ஊரு மறக்காது. எனக்கு ரோஷம் வரணும்டா. தானா வராது. கேட்டாத்தான் வரும்."

அம்மா அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அக்கா வாயை மூடிக்கொள்ளும்வரை வெள்ளிக்கிழமைதோறும் சுற்றுவேன் என்றார். அக்கா கடைசிவரை மூடவில்லை. அம்மாவும் சுற்றுவதை விடவில்லை.

கற்றுக்கொடுத்தவர் என் மனைவியின் தம்பி. பொன்னேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கோடையில் ஏரித் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் நல்ல கெட்டித் தரையாகிவிடும். அவர் சவாரி முடித்து வந்ததும் அங்கே வைத்துப் பழக்கினார். கிளட்ச், கியர் எல்லாம் அக்காவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். படகில் சுக்கான் பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். ஆட்டோவில் ஹேண்டில் பாரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கமே வண்டி போகும். மெதுவாகப் போகும்போது அக்காவுக்கு இது நினைவிருக்கும். பதற்றம் வந்தால், அத்தனை வருஷம் சுக்கான் பிடித்த கை தன் பழக்கத்துக்கே போய்விடும். நாய் குறுக்கே வந்தால் நாய் மீதே போகும். பள்ளத்தை விட்டு விலக நினைத்தால் பள்ளத்திலேயே இறங்கும். ஒரு முறை காயப்போட்டிருந்த வலைகள் மீது வண்டி ஏறி, சக்கரத்தில் வலை சுற்றிக்கொண்டு, ஏரித் தண்ணீரில் போய்த்தான் நின்றது.

"அண்ணி, இது ஆட்டோ. தண்ணி கண்டா உள்ள போகக்கூடாது" என்றார் மச்சான்.

"கை போவுதுப்பா, நான் போகல" என்றார் அக்கா.

வலைக்குச் சொந்தக்காரரான பெரியப்பா தடியோடு ஓடி வந்தார். அக்கா மூன்று நாள் அவர் வீட்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக் கொடுத்தார். நாலாம் நாள் அதே பெரியப்பா, பழகும் நேரத்தைச் சொல்லிவிடு, வலையை எடுத்துக்கொள்கிறேன் என்று வந்து சொன்னார்.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனோம். வண்டியில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அக்கா முதல் வட்டத்தை அழகாகச் சுற்றினார். இரண்டாவது வட்டத்தில் திரும்பும்போது யாரோ வெளியே ஹாரன் அடித்தார்கள். கை சுக்கானுக்குப் போய்விட்டது. நட்டு வைத்திருந்த கம்பத்தைச் சாய்த்து, வண்டி சுவரோரம் போய் நின்றது. அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. நன்றாகப் பழகிவிட்டு மறுபடி வாங்கம்மா என்றார். வரும் வழியில் அக்கா வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆடிக் கூழ் வந்தது. ஊரே கோயிலில் இருந்தது. அக்காவும் குடத்தில் கூழ் கொண்டுவந்து ஊற்றினார். அன்றைக்கு ஒருவர்கூட, வண்டி எங்கே என்று கேட்கவில்லை. ஓரகத்திகூடக் கேட்கவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாவம் என்று விட்டுவிட்டார்கள். அத்தனை நாள் கிண்டலைத் தாங்கியவருக்கு அந்தப் பாவம் பார்த்தலைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மச்சான் வந்து கூப்பிட்டபோது, உடம்பு சரியில்லை என்று உள்ளே போய்விட்டார். கரையில் உட்காருவதை விட்டார். மற்ற பெண்கள் தண்ணீரிலிருந்து கரையேறிய பிறகும் இவர் மட்டும் ஏறாமல், பறியைப் பல்லில் கடித்தபடி தனியாகத் துழாவிக்கொண்டிருப்பார். பறி பல்லில் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது இல்லையா. நானும் கேட்கப் பயந்தேன். கண்ணு பட்டுதுடா, நான் சொன்னேன் இல்ல என்று அம்மா புலம்பினார்.

இப்படியே ஐப்பசி மழை வந்துவிட்டது. மழையில் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்பது இன்னும் கொடுமை. சின்னம்மா காய்ச்சலில் படுத்தார். அவரைப் பார்க்கப் போன இடத்தில், பெண்கள் எல்லோரும் இருந்தபோது, அக்கா திடீரென்று கேட்டாராம், ஏன் யாரும் என்னைக் கேட்பதில்லை என்று.  ஓரகத்திதான் பதில் சொன்னாராம். அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"கேட்டா நீ அழுவே. நீ அழுது நான் பாத்தது இல்ல. எனக்கு பயமா கீது."

"அழுதா அழுதுட்டுப் போறேன்டி. நீ கேளு. நீ கேக்காம எனக்கு கால் எழும்ப மாட்டேங்குது."

"இன்னான்னு கேக்கறது? லைசென்ஸுனு கேட்டா அது எப்ப வருமோ."

அக்கா ஒரு வழி சொன்னாராம். பெரிதாகக் கேட்காதே, இன்றைக்கு என்ன பழகினே என்று மட்டும் கேள், காலையில் நான் சொல்வேன், சாயங்காலம் நீ கேட்க வேண்டும் என்று பேசி முடித்தார்களாம். அக்கா அவர்களின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தோற்றுப்போனவர் தன் முறையை விட்டுவிடவில்லை. கொஞ்சம் மாற்றிக்கொண்டார். முன்பு ஆடிக்குள் என்று சொன்னார். இப்போது, இன்றைக்குக் கோயில் வளைவில் கை தப்பாமல் திரும்புவேன் என்று காலையில் சொல்வார். சாயங்காலம் ஓரகத்தி வாசலிலேயே நிற்பார். முடிந்தால் முடிந்தது என்பார் அக்கா. முடியவில்லை என்றால், "இல்லடி, வேலியில வுட்டுட்டேன்" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் செய்தார். கங்கையம்மன் சந்நிதியில் வலது கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, லைசென்ஸ் கையில் வரும்வரை எந்தப் படகிலும் சுக்கானைத் தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டார். படகு ஓட்டுவது அவருக்கு உயிர். பெண்கள் இறால் பிடிக்கத் தீவுப் பக்கம் படகில் போகும்போது இவர்தான் சுக்கான் பிடிப்பார். அன்றிலிருந்து முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படகு கோணலாகப் போனால் வாயால் மட்டும் திட்டுவார். பழைய பழக்கம் கையை விட்டுப் போக வேண்டும், அதற்கு அம்மன்தான் காவல் என்று சொன்னார். மச்சானின் ஆட்டோவில் பின் சீட்டில் ஓரகத்தியும் சின்னம்மாவும் உட்கார்ந்துகொண்டு, வளைவு வரும்போதெல்லாம் "ரோட்டுப் பக்கம், ரோட்டுப் பக்கம்" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் நேராக ஓட்டக் கற்றுக்கொண்டவருக்கு எந்த ஹாரனும் பொருட்டில்லாமல் போய்விட்டது.

அடுத்த டெஸ்டில் கை தப்பவில்லை, ஆனால் வண்டி நடுவில் நின்றுவிட்டது. அதையும் கரையில் வந்து சொன்னார். அதற்கு அடுத்த முறை எட்டுப் போட்டு முடித்து, வண்டி எங்கும் நிற்காமல் வெளியே வந்தார். அதிகாரி தலையாட்டினார். அக்கா வண்டியை விட்டு இறங்கி, மச்சானின் காலைத் தொட்டுக் கும்பிடப் போக, அவர் பதறி ஓட, அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஓரகத்தியிடம் போனார். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேன்டி. இனிமே இன்னா கேப்பே?"

"வண்டி எங்கன்னு கேப்பேன்."

சொல்லிவிட்டு, மீன் கையோடு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதது ஓரகத்திதான்.

பெண்கள் சுய உதவிக் குழு மூலமாக ஒரு பழைய லோடு ஆட்டோ வந்தது. அதற்குள் அடுத்த ஆடியும் தாண்டிவிட்டது. அக்கா சொன்ன ஆடி ஒன்று, நடந்த ஆடி வேறு. காலையில் பெண்களின் கூடைகளையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கா முன்னால் போவார். பெண்கள் வெறுங்கையோடு பஸ்ஸில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து பின்னால் போவார்கள். முதல் நாள் சின்னம்மா ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து, காற்று முகத்தில் பட, பொன்னேரிவரை வந்ததாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்த வண்டி ஓடியது. கடைசிக் கூடை வந்து சேராமல் அக்கா வண்டியை எடுத்தது கிடையாது. வெள்ளம் வந்த மாதங்களில் நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிறவர்களையும் அதே வண்டியில் கொண்டு போயிருக்கிறார். செவ்வாய், வெள்ளி வண்டிக்குச் சூடம் காட்டாமல் சாவி போட மாட்டார். அவர் கரையில் சொல்லி நடக்காமல் போனவையும் உண்டு. ராமேஸ்வரம் போவேன் என்றார், போக வாய்க்கவில்லை. மகளை நர்ஸ் ஆக்குவேன் என்றார், அவள் மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போனாள். அதையும் அவரே கரையில் சொன்னார். "அது என் ஆசை, அவ ஆசை வேற" என்றார். மகளை ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை.

பிறகு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். சென்னை அரசு மருத்துவமனைக்கு அலைந்தோம். வைத்தியம் நடக்கும்போதே, முடிகிற நாளில் வண்டி எடுத்தார். முடியாத நாட்கள் அதிகமாயின. வண்டி நின்றால் கூடைகள் பழையபடி பஸ் ஸ்டாப்பில் நிற்கும். அந்தக் கவலைதான் அவருக்குத் தன் வலியைவிடப் பெரிதாக இருந்தது. ஓரகத்தியைக் கூப்பிட்டு, நீ ஓட்டு என்றார். அவர் காதைப் பொத்திக்கொண்டு, உன்னைக் கிண்டல் பண்ணத்தான் எனக்குத் தெரியும், ஓட்டத் தெரியாது என்று ஓடிவிட்டார்.

அக்கா விடவில்லை. ஒரு நாள் காலை, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கரைக்கு வந்தார். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்கா ஓரகத்தியைக் கை காட்டினார்.

"இவ லைசென்ஸ் எடுக்கப் போறா. எல்லாரும் கேட்டுக்கோங்க. தெனம் கேளுங்க."

மற்றவருக்காகக் கரையில் சொன்னது அந்த ஒரே தடவைதான். அதுவே அவர் கரைக்கு வந்த கடைசி நாளும்கூட. ஊர் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அதுவரை எல்லோரையும் கிண்டல் செய்தவருக்கு, "இன்னா புது டிரைவர்" என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஓரகத்தி சாயங்காலமானால் அக்காவின் கட்டிலருகே வந்து அன்றைக்குப் பழகியதைச் சொல்வார். பேச முடியாத நாளில் அக்கா கையை மட்டும் தூக்கி, எந்தப் பக்கம் என்று கேட்பார். அம்மனின் திருவடியை அவர் அடைந்தபோது ஓரகத்தி இன்னும் எட்டுப் போட்டுத் தேறவில்லை. கருமாதி முடிந்து ஒரு முறை போய்த் தோற்றார். மறுபடி போனார். இன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

இப்போது அம்மா எழுதச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். நாலைந்து குப்பம் தள்ளி ஒரு பெண், எங்கள் அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, தானும் வண்டி பழகியிருக்கிறார். டெஸ்டில் ஒரு முறை தோற்றதும் விட்டுவிட்டார். இந்த ஆடிக் கூழுக்கு எங்கள் கோயிலுக்கு வந்தவர், அம்மா யார் என்று தெரிந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். "உங்க மகளுக்கு அம்மனே கனவுல வந்து கைய புடிச்சு ஓட்டக் கத்துக்குடுத்துச்சாமே. மறுநாளே போயி லைசென்ஸ் எடுத்தாங்களாமே. எனக்கு அந்தக் குடுப்பினை இல்லம்மா."

அந்தக் கதை எங்கிருந்து முளைத்தது என்று தெரியவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டபோது என்னை உட்காரச் சொன்னார்.

"அவ வாயாலதான் போனானு நெனச்சிகினு இருந்தேன். நாம வாய மூடிகினதால ஒரு பொண்ணு நின்னு போச்சே. எழுதுடா. தோத்ததையும் எழுது."

நான் சாமியை நம்புகிறவன். அம்மன் துணை இல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு அணுவும் அசைந்ததில்லை. ஆனால் அம்மன் கனவில் வந்திருந்தால், அக்கா அதை அன்று காலையே கரையில் சொல்லியிருப்பார். அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை. தோற்றுவிட்டு மறுபடி எழுந்து போனாரே, அந்த மனசை அம்மன் கொடுத்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சவாரியை விட்டுவிட்டு வண்டி பழக்கிய என் மச்சானுக்கும், வலை கிழிந்தும் மனம் கிழியாத பெரியப்பாவுக்கும், நோயில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு படுத்துக் கிடந்த சின்னம்மாவுக்கும், கேள்வி கேட்பதை நிறுத்தாத குப்பத்துப் பெண்களுக்கும், எல்லோருக்கும் மேலாக அக்காவின் ஓரகத்திக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் நன்றியுள்ளது. இறுதிக் காரியத்துக்கு உழைத்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுத இடம் போதவில்லை. மன்னிக்க வேண்டும்.

உறவினர்களிடமும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மலரில் ஒரு பிரதியை அம்மாவே அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். உங்கள் கையில் இருப்பதை நீங்களும் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அக்கா மீதுள்ள பாசத்தில் எதையும் கூட்ட வேண்டாம், எதையும் மறைக்க வேண்டாம். அவர் கம்பத்தைச் சாய்த்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாமல், அதையும் சத்தமாகவே வாசியுங்கள்.